சம்பூர்ணத்து ஏரோபிளேனுக்குப் பெயிண்ட் அடிச்ச கதை

எங்க பாடித் தெருவுல ஏரோபிளேன் மூச்சு விட ஆரம்பிச்சது ஒரு செவ்வாக்கெழமை காலையிலீங்க. பால்காரன் வந்துட்டுப் போயிட்டான், கம்ப்ரசருக இன்னும் ஓட ஆரம்பிக்கல, சம்பூர்ணம் தான் கட்டுன ஏரோபிளேனோட துணி எறக்கைக்குக் கடைசித் தையலைப் போட்டு முடிச்சு ஊசியை முந்தானையில குத்தி வச்சுட்டு, துணி சுருங்கி இறுகட்டும்னு எடது எறக்கை மேல தண்ணி தெளிச்சா, தெளிச்ச தண்ணி காயறதுக்குள்ள அந்த எறக்கை மெல்ல எழும்பி, நெஞ்சு நெறையக் காத்தை இழுத்து, சித்த நேரம் வச்சிருந்து, உஸ்ஸுன்னு விட்டுச்சு. அவ கையை வச்சுப் பாத்தா, வெதுவெதுன்னு இருந்துச்சாம். "அடடே, எந்திரிச்சுட்டயா"ன்னு கேட்டுட்டு வலது எறக்கைக்குத் தண்ணி தெளிக்கப் போயிட்டா.

நான் தெய்வானைங்க, தெரு முக்குல பெயிண்ட் கடை வச்சிருக்கறவ. சங்ககிரிப் பக்கம் லாரி வச்சிருக்கற யாரை வேணா கேட்டுப் பாருங்க, லாரிக்குப் பாடி கட்டணும்னா எங்க தெருவைத்தான் காட்டுவாங்க. வெறும் எஞ்சினும் சக்கரமுமா எலும்புக்கூடா உள்ள வரும், வெளிய போறப்ப கிளியும் தாமரையும் மயிலும் பூசிக்கிட்டு, முன்னாடி கண்ணு ரெண்டும் முழிச்சுப் பாக்க, கல்யாணத்துக்குக் கெளம்புன ஆளாட்டம் போவும். காஷ்மீர்ல மலையேறுற லாரியில எங்க தெருவுக் கிளி இருக்கும், அஸ்ஸாம்ல ஆத்தைக் கடக்கற லாரியில எங்க தெருவு மயில் இருக்கும். இதைச் சொல்லிக்கறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லை.

எங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டு, அதுக்குப் பேரு கை வைக்கறது. வண்டி தெருவை விட்டு எறங்கற அன்னைக்கு, அதுல வேலை செஞ்சவங்க, செய்யாதவங்க, வெல்டிங் வச்சவங்க, மரம் இழைச்சவங்க, தார்ப்பாய் தச்சவங்க, டீ கொண்டாந்து குடுத்தவங்க வரைக்கும் பிரஷ்ஷை எடுத்து ஆளுக்கு ஒரு இழுப்பு இழுப்பாங்க. கை வைக்காம வண்டியை அனுப்புனா அது அனாதை வண்டி, வழியில நின்னுச்சுன்னா ஏன்னு கேக்க ஆளிருக்காதுன்னு எங்க நம்பிக்கை.

சம்பூர்ணம் எங்க தெருவுல வெல்டிங் பட்டறை வச்சிருக்கறவ. அவ வச்ச வெல்டிங்கைத் தொட்டுப் பாத்தா எங்க ஒட்டுச்சுன்னே தெரியாது. அவ வூட்டுக்காரர் அர்த்தநாரி பெயிண்டர், அவரு அடிச்ச லாரியோட பக்கவாட்டுல நின்னு தலை சீவிக்கலாம், அம்புட்டுப் பளபளப்பு. பொண்டாட்டி கட்டுவா, புருசன் பூசுவாரு, அவங்க குடும்பம் நடந்ததே அப்படித்தான். பத்து வருசத்துக்கு மேல சம்பூர்ணம், லாரி வேலை முடிஞ்ச பொழுதுல, பைப்பு பைப்பா ஒட்டி, மரக்குச்சியில எறக்கைக்கு எலும்பு செஞ்சு, மூக்குல எஞ்சின் வச்சு, நடுவுல பெங்களூருக்குப் போயிப் பறக்கவும் படிச்சுட்டு வந்து, டெல்லி வரைக்கும் நடையா நடந்து அனுமதியும் வாங்கி, ஒத்தை ஆளு ஒக்கார்ற ஏரோபிளேன் ஒன்னைக் கட்டுனா. எதுக்குடி உனக்கு இந்த வேலைன்னு நானே கேட்டிருக்கேன். "இந்தத் தெருவுல பொறந்த வண்டியெல்லாம் ரோட்டுலயே போவுதுங்கக்கா, ஒன்னாவது மேல போவட்டுமே"ன்னா. அதுக்கு மேல நான் என்ன கேக்க?

ஆக, அது மூச்சு விட்டுச்சு. மொத ரெண்டு நாளு ஆளுக வந்து வேடிக்கை பாத்தாங்க, அப்பறம் அவங்கவங்க சோலியைப் பாத்துக்கிட்டு அதோட குடித்தனம் பண்ணப் பழகிட்டாங்க. லாரி ஆரனுக்குப் பேர்போன தெருவுல ஆரன் அடிக்கறது நின்னு போச்சு, யாரும் போர்டு வைக்கல, டிரைவருக தெருமுக்கு வந்ததும் தானா எஞ்சினை அணைச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. சுத்தியல் அடிக்கறவங்க அது மூச்சை விடறப்ப அடிச்சு இழுக்கறப்ப ஓங்குனாங்க, தெரு மொத்தமும் ஒரே தாளத்துல வேலை செஞ்சுது, வேலையும் எச்சா ஓடுச்சு. எளைப்பு நோவு இருக்கற வாத்தியார் ஒருத்தர் வந்து எறக்கைக்குக் கீழ பாயைப் போட்டு ஒக்காந்து அதோட சேத்து இழுத்து விட்டுப் பழகுனாரு, ஒரு மாசத்துல மாடிப்படி ஏறுனாரு. வகுறு வலின்னு கத்தற கொழந்தைகளைத் தூக்கிட்டு வந்து பொம்பளைக அது நெஞ்சு மேல போட்டாங்க, போட்ட கையோட தூங்கிப் போச்சுக. மாட்டு டாக்டர் கொழாயை வச்சுக் கேட்டுட்டு, "நெஞ்சுல சளி இல்லீங்க, ஆனா எந்த மருந்தும் என்னால எழுதித் தர முடியாது"ன்னுட்டுப் போனாரு. வெயிலு ஏற ஏற அதுக்கு மூச்சு வாங்கறதைப் பாத்து தார்ப்பாய் தைக்கற கனி ராவுத்தர் தகரக் கூரை மேல ஈரச் சாக்கு விரிச்சுவிட்டாரு. யாராவது ஊருக்குப் போயிட்டு வந்தா வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பட்டறையில எட்டிப் பாத்து, "எப்படி இருக்குது?"ன்னு கேட்டுட்டுத்தான் போவாங்க.

இதுல ஒரு சங்கடம் வந்துச்சு, அது வெயிலு. சம்பூர்ணம் மிச்சத் துணியில ஒரு முழத்தை மொட்டை மாடியில கட்டி ஒரு கோடை முழுக்க விட்டுப் பாத்தா, எடுத்து விரலை வச்சா அப்பளமா நொறுங்குச்சு. துணியை வெயிலுகிட்ட இருந்து காப்பாத்தணும்னா அது மேல எதையாவது பூசியாவணும். பூசறது கனமா இருந்தா எழும்பாது. வெறைச்சுக்கிட்டா துணி மடங்கற எடத்துல வெடிச்சுப் போவும். இதையெல்லாம் அவ எங்கயோ படிச்சு எங்கயோ கேட்டுத் தெரிஞ்சு வச்சிருந்தா. ஆனா மூச்சு விடற ஏரோபிளேனுக்கு என்ன பூசறதுன்னு எந்தப் பொஸ்தகத்துல எழுதியிருக்கும்? பூசாம விட்டா வெயிலு தின்னுரும், தப்பாப் பூசுனா மூச்சு நின்னுரும். பத்து வருசப் பாடு அந்த ரெண்டுக்கும் நடுவுல தொங்கிக்கிட்டு நின்னுச்சு.

தெருவுக்கு அதெல்லாம் ஏறுமா? தெருவுக்குத் தெரிஞ்சது கலரு மட்டுந்தான். அட சாமி, அந்த வாரம் என் கடையில நடந்த அக்கப்போரைச் சொன்னா நம்ப மாட்டீங்க. செவப்புன்னு ஒருத்தர் வாயெடுத்தா அது அந்தக் கொடின்னு இன்னொருத்தர் எந்திரிச்சாரு, மஞ்சள்னா அது அந்தச் சாதிச் சங்கத்துக்காரங்க கலருன்னாங்க, பச்சைன்னா ஒரு மொகம் மலர்ந்து இன்னொரு மொகம் சுண்டுச்சு, நீலம்னா ஒரு பேச்சு, காவின்னா ஒரு பேச்சு, கறுப்பு அபசகுனம், வெள்ளை கைம்பெண்ணுக் கலரு. கடவுள் படைச்ச கலரையெல்லாம் ஆளுக ஏற்கனவே பங்கு போட்டுக்கிட்டாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அந்தச் சண்டைக்கு நடுவுல அர்த்தநாரி மட்டும் சிரிச்சுக்கிட்டு நின்னாரு. கலரு எதுவோ, அடிக்கப் போற கை தன்னோடதுன்னு அவருக்கு அம்புட்டு நம்பிக்கை.

அன்னைக்குப் பொழுது சாயறப்ப பட்டறை வாசல்ல ரெண்டு பேருக்கும் பேச்சு வந்துச்சு, நான் தின்னர் குடுக்கப் போனவ அங்கதான் நின்னேன்.

"அம்மிணி, எந்தக் கலருன்னு மட்டும் சொல்லு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"கலரு கெடக்கட்டுமுங்க. எந்த மருந்தைப் பூசுனா அதுக்கு ஒத்துக்கும்னு மொதல்ல தெரியணும். பெங்களூருல துணி ஏரோபிளேனுகளைப் பழுது பாக்கற பட்டறை ஒன்னு இருக்குது. போயிக் கேட்டுட்டு வந்தர்றேன். அது வரைக்கும் மேடு பள்ளத்தை நிரவற பட்டியை நீங்க தொடக் கூடாது."

"பட்டி போடாம பெயிண்டா? மூஞ்சி கழுவாம பவுடர் போட்ட மாதிரி இருக்கும்."

"அது தகரமில்லீங்க, துணி. உசுரோட இருக்கற துணி."

அவருக்கு மொகம் தொங்கிப் போச்சு. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீ ஒட்டுன பாடிக்கெல்லாம் நான்தான் பூசியிருக்கேன். இது ஒன்னுக்கு மட்டும் என்னை வெளிய நிறுத்தறயா?"

"வெளிய நிறுத்தலீங்க. சித்த நில்லுங்கன்னுதான் சொல்றேன்."

ஆம்பளைகளுக்கு இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மனுசன் பொண்டாட்டிகூடப் பேசறதை நிறுத்திட்டாரு. எதுவானாலும் ஏரோபிளேனுகிட்டத்தான் சொல்லுவாரு, "உங்கம்மாகிட்டச் சொல்லு, கொழம்புல உப்பில்லை"ன்னு. அது பாட்டுக்கு இழுத்து விட்டுக்கிட்டிருக்கும். "உங்கப்பாகிட்டச் சொல்லு, உப்பு அலமாரியிலதான் இருக்குது"ன்னு அவளும் சொல்லுவா. இப்படியே ஒரு வாரம் போச்சு, அவ பெங்களூருக்குப் பஸ் ஏறுனா.

அவ பஸ் ஏறுன மறுநாளு அர்த்தநாரி என் கடைக்கு வந்து எனாமல், பிரைமர், பட்டி, உப்புத்தாள், வார்னிஷ்னு சொல்லச் சொல்ல நான் எடுத்து வச்சேன். விக்கறவளை யாரும் கொறை சொல்லிக்கிட்டு வரக் கூடாது, கேட்டவங்களுக்குக் குடுக்கத்தான் கடை. "என்ன அர்த்தநாரி, அம்மிணிக்குத் தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டேன். "வந்து பாக்கட்டுமுங்கக்கா, பாத்தா பேச்சு வராது"ன்னாரு. அவரு கண்ணுல கோவமே இல்லீங்க, ஆசைதான் இருந்துச்சு. இன்னொருத்தரா இருந்தா நான் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், அந்த மொகத்தைப் பாத்து யாருக்குப் பேச வரும்?

நாலு நாளு. மொத நாளு துணியோட நெசவு தெரியாம பட்டியை இழுத்தாரு, காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேச்சாரு, தேச்ச கையில கண்ணாடியா வழுக்குச்சு. ரெண்டாம் நாளு பிரைமர், அது மேல எனாமல், அது காஞ்சு அது மேல எனாமல். கலருச் சண்டைக்கு அவரு கண்டுபிடிச்ச வழி என்னன்னா எல்லாக் கலரையும் அடிச்சுட்டாரு, ஒரு கொடியும் விட்டுப் போவாம. எறக்கை ரெண்டுலயும் கிளி, வயித்துல தாமரை, வால்ல மயில், மூக்குக்கு ரெண்டு பக்கமும் லாரிக்கு வரையற மாதிரி கண்ணு, ஆனா லாரிக்கு வரையாத மாதிரி எமையோட வரைஞ்சாரு. தெருவே வேலையை விட்டுட்டு வந்து நின்னுச்சு. வந்தவங்க சும்மா இருப்பாங்களா, கை வைக்கணுமே! ஆசாரி செம்மலை ஓரத்துக்கு மஞ்சக் கோடு இழுத்தாரு, கனி ராவுத்தர் பச்சையில ஒரு பிறை வரைஞ்சாரு, டீக்கடைக்காரர் எழுத்துக் கூட்டித் தன் மகள் பேரை எழுதுனாரு, கொழந்தையைப் போட்டுத் தூங்க வச்ச பொம்பளைக எல்லாம் ஆளுக்கு ஒரு பூ வச்சாங்க, எளைப்பு வாத்தியார் ரெண்டு அடிக் குறள் எழுத எடம் கேட்டு அர்த்தநாரி எடம் ஒதுக்கிக் குடுத்தாரு, எல்லாத்துக்கும் மேல வார்னிஷ். இத்தனைக்கும் நடுவுல அதோட மூச்சு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். "புது மாப்பிள்ளை இல்ல, கூச்சப்பட்டு அடங்கியிருக்குது"ன்னு ஒருத்தர் சொன்னாரு, எல்லாரும் சிரிச்சோம். டயரு ரெண்டும் அமுங்கிக் கெடந்ததைக் கூட யாரும் என்னன்னு கேக்கல.

அஞ்சாம் நாளு மத்தியானம் சம்பூர்ணம் பெங்களூருல வாங்குன மருந்து ரெண்டு கேனோட ஆட்டோவுல வந்து எறங்குனா. தெரு ரெண்டு பக்கமும் ஆளுக நின்னாங்க, கை தட்டறதுக்கு. அவ உள்ள போயி ஒரு சுத்துச் சுத்தி வந்தா, கிளியைப் பாத்தா, தாமரையைப் பாத்தா, பூவையெல்லாம் பாத்தா, அப்பறம் கேனைக் கீழ வச்சுட்டு எறக்கை மேல கன்னத்தை வச்சா. ரொம்ப நேரம் வச்சிருந்தா.

"ஏனுங்க"ன்னா, எத்தனையோ நாளைக்கப்பறம் நேரா அவரைப் பாத்து. "இதுக்குக் கண்ணு வரைஞ்சது யாருங்க?"

"நான்தான் அம்மிணி."

"ரொம்ப அழகா இருக்குதுங்க. இத்தனை அழகா எந்த வண்டிக்கும் நீங்க வரைஞ்சதில்லை." கன்னத்தை எடுத்தா. "மூச்சு நின்னுருச்சுங்க."

கத்தியிருந்தா தேவலை, மண்ணை வாரித் தூத்தியிருந்தாலும் தேவலை. அவ சேலை முந்தானையை வாயில வச்சுக்கிட்டு டயருக்குப் பக்கத்துல ஒக்காந்துட்டா. தெருவுல எந்தச் சுத்தியலும் அடிக்கல, அடிக்கறதுக்கு எந்தத் தாளம் இருந்துச்சு? எனக்கு என் சொந்தத்துல ஒரு சாவுன்னா எப்படி இருக்குமோ அப்படி இருந்துச்சு.

 அர்த்தநாரி போயி தார்ப்பாய் அறுக்கற பிளேடை எடுத்துட்டு வந்தாரு. துணி மேல ஒட்டுன எனாமலைச் சொரண்டி எடுக்க முடியாது, தின்னர் ஊத்துனா அது கரைஞ்சு துணிக்குள்ள இன்னும் எறங்கும்னு அவருக்குத் தெரியாததா? மூக்குகிட்டப் போனாரு, தான் எமையோட வரைஞ்ச கண்ணுக்குப் பக்கத்துல பிளேடை வச்சாரு. லாரிக்கு ஒரே மூச்சுல பத்தடிக் கோடு இழுக்கற கை, ரெண்டு தடவை வச்சு ரெண்டு தடவை எடுத்துச்சு. "மன்னிச்சுரு சாமி"ன்னு அதுகிட்டச் சொல்லிட்டு அந்தக் கண்ணுக்கு நடுவுல கீறுனாரு.

கீறுன எடத்துல இருந்து உஸ்ஸுன்னு ஒரு காத்து வந்துச்சு. வார்னிஷ் வாசத்தோட, சூடா, உள்ள அடைஞ்சு கெடந்த மூச்சு.

"இருக்குது அம்மிணி! இருக்குது! முட்டிக்கிட்டுக் கெடந்திருக்குது!"ன்னு அந்த மனுசன் போட்ட சத்தம் சங்ககிரி மலை வரைக்கும் கேட்டிருக்கும். சம்பூர்ணம் எந்திரிச்ச வேகத்துல கேன் உருண்டு போச்சு. "கை வச்சவங்க எல்லாரும் வாங்க! அவங்கவங்க வச்சதை அவங்கவங்களே எடுங்க!"ன்னா. செம்மலை தன் மஞ்சக் கோட்டை அறுத்தாரு, ராவுத்தர் தன் பிறையை அறுத்தாரு, டீக்கடைக்காரர் மகள் பேரை எழுத்து எழுத்தா உரிச்சாரு, பொம்பளைக பூவை அறுத்து மடியில போட்டுக்கிட்டாங்க, வாத்தியார் அழுதுக்கிட்டே ரெண்டு அடியையும் கிழிச்சாரு. பொழுது எறங்கறதுக்குள்ள பைப்பும் மரக்குச்சியுமா வெறும் எலும்புக்கூடு நின்னுச்சு, அந்த எலும்புகளுக்கு நடுவுல கையை விட்டா நூல் மாதிரி ஒரு மூச்சு விரல்ல பட்டுச்சு. அவ்வளவுதான் மிச்சம்.

பள்ளிப்பாளையத்துல தறி வச்சிருக்கறவங்க சேதி கேட்டுப் புதுத் துணியைத் தாங்களே கொண்டாந்து எறக்குனாங்க, கனி ராவுத்தர் தலைமையில தெருவே ஒக்காந்து தச்சுது. தார்ப்பாய் ஊசி புடிச்ச கையி மெல்லிசு மல்லுத் துணிக்கு ஏத்த தையல் போடும்னு யாரு நெனைச்சா? துணி ஏறி, தண்ணி தெளிச்சு, மறுபடி எறக்கை எழும்புன அன்னைக்கு எங்க வூடுகள்ல எல்லாம் பாயாசம். வெயிலு மட்டும் அப்படியே காத்துக்கிட்டு நின்னுச்சு.

இந்தத் தடவை சம்பூர்ணம் அர்த்தநாரியைக் கூப்புட்டு, "பூசறது நீங்க, சொல்றது அது"ன்னா. வால் துணியை மட்டும் சோதனைக்கு வச்சுக்கிட்டாங்க. என் கடையில இருந்த ஒவ்வொன்னும் போச்சு. எனாமல்ல ஒரு இழுப்பு இழுத்தாங்க, வாலு மூச்சை அடக்கிக்கிச்சு, அந்தத் துணியை ஒடனே அறுத்து வேற போட்டாங்க. காருக்கு அடிக்கற ரெண்டு டப்பா கலந்து அடிக்கற பெயிண்ட், அதுக்கு விக்கல் எடுத்துச்சு. எண்ணெய் வார்னிஷ் பூசுனதும் கொட்டாவி விட்டுக்கிட்டே கெடந்துச்சு. கடைசியா பெங்களூருக் கேனைத் தொறந்தா. அதுக்கு டோப்புன்னு பேரு, தண்ணி மாதிரி இருக்கும், நகப்பூச்சு வாசம் தெருவையே தூக்கும், பூசுனா துணி காயக் காய இறுகி மத்தளமாயிரும். அர்த்தநாரி மொத இழுப்பு இழுத்துட்டுப் பயந்துபோயிக் கையை எடுத்தாரு. வாலு ஒரு தடவை சிலுத்துக்குச்சு. அப்பறம், நீங்க யாராவது தொட்டில் கொழந்தை நல்லாப் பால் குடிச்சுட்டு விடற மூச்சைக் கேட்டிருக்கீங்களா, அப்படி ஒரு மூச்சு, ஆழமா, நெதானமா. "இது ஒத்துக்குது"ன்னு அவரு சொன்னாரு, பொண்டாட்டி மொகத்தைப் பாக்காமலே சொன்னாரு, அவளும் பாக்காமலே தலையை ஆட்டுனா, ரெண்டு பேரு கண்ணும் தண்ணி.

ஆனா டோப்பு கண்ணாடி மாதிரிங்க, வெயிலு உள்ள போயிரும். அதுக்கு அலுமினியப் பொடியைக் கலந்து சில்வரா அடிக்கணும், எறக்கைக்குள்ள பல்பு போட்டா வெளிச்சம் வெளிய தெரியாத வரைக்கும், அதுக்கு மேல ஒரு பூச்சும் கூடாது, கூடுனா கனம். அர்த்தநாரி ஸ்ப்ரே கன்னைப் புடிச்சாரு, சம்பூர்ணம் எறக்கை மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு நின்னா. ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, மல்லுத் துணி மேல பனி விழுந்த மாதிரி. கண்ணாடிப் பளபளப்பு வர்ற வரைக்கும் நிறுத்தத் தெரியாத மனுசனுக்கு நிறுத்தறதைக் கத்துக்கறது அவ்வளவு சுலபமா? "போதுங்க"ம்பா, அவரு கன்னை எறக்கிருவாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு எறக்குவாரு, ஆனா எறக்கிருவாரு. பல்பு வெளிச்சம் மங்கி மங்கி ஒரு நாளு சுத்தமா மறைஞ்சுது.

ஏரியில தண்ணி வத்தி நெலம் கெட்டியா இருந்த மாசம், அங்கிருந்து பறக்கறதுக்கு நாள் குறிச்சாச்சு, கை வைக்கற நாளு வந்துச்சு. சில்வர்ங்கறது எங்க தெருவுல உள்பாவாடை மாதிரி, அதோட யாரும் வெளிய போறதில்லை. எல்லாரும் பிரஷ்ஷோட வந்து நின்னாங்க, போன தடவை பட்டது போதாதுன்னு! சம்பூர்ணம் ஒரு கிண்ணம் டோப்புல செவப்பைக் கரைச்சுக் கொண்டாந்து புருசன் கையில குடுத்தா.

"கனத்துல இன்னும் ரவ்வூண்டு எடம் இருக்குதுங்க. இது அதுக்கு ஒத்துக்கற பெயிண்ட்தான், சோதிச்சுட்டேன். கிளியோ கண்ணோ என்ன வேணுமோ வரைஞ்சுக்கங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன், இது உங்களுக்கு நான் வச்ச பங்கு."

அவரு பிரஷ்ஷை நனைச்சாரு. எறக்கைகிட்டப் போயி நின்னாரு. அது இழுத்துச்சு, விட்டுச்சு, இழுத்துச்சு, விட்டுச்சு. பிரஷ் நுனியில செவப்பு திரண்டு வர்றதை நான் பாத்துக்கிட்டு நிக்கறேன், வரையய்யா வரைன்னு ஒரு மனசு, வேண்டாமய்யா வேண்டாம்னு ஒரு மனசு. அவரு அப்படியே திரும்பி வந்து பிரஷ்ஷைத் தின்னர் டப்பாவுல போட்டாரு.

"போதும்"னாரு.

"யோவ், ஒரு கோடு கூட இல்லாமயா? நம்ம தெருவு வண்டின்னு எவன் நம்புவான்?"ன்னு செம்மலை சண்டைக்கு வந்தாரு.

"இதுக்கு மேல போட்டா அது அதுக்காக இல்லைய்யா, எனக்காக. பூசத் தெரிஞ்சவன் எவன் வேணா பூசிருவான். உம் பிரஷ்ஷைக் கீழ போடு. கை வைக்கணும்னா வெறுங்கையை வை."

 மொதல்ல கனி ராவுத்தர் பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டு, கையை வேட்டியில தொடச்சுக்கிட்டுப் போயி எறக்கை மேல வச்சாரு. அப்பறம் செம்மலை, மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு. அப்பறம் வாத்தியார், டீக்கடைக்காரர், பொம்பளைக, நானும். எங்க பாடித் தெருவு மொத்தமும் வெறுங்கையை வச்சுது. கையை எடுத்தப்ப அது மேல ஒரு தடமும் இல்லை. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சுங்க, எத்தனையோ வண்டி மேல பிரஷ்ஷை இழுத்திருக்கேன், ஒன்னுக்கும் இப்படி நெறைஞ்சதில்லை.

ஏரிக்கரையில அன்னைக்கு நாலு ஊரு சனம். நாமக்கல்லுல பாடி கட்டற ஆளுக கூட வந்திருந்தாங்க, அவங்களுக்கும் எங்களுக்கும் காலங்காலமா ஆவாது, கொறை கண்டுபிடிக்கவே வந்தவங்க. சம்பூர்ணம் தலையில தொப்பியை மாட்டிக்கிட்டு ஏறி ஒக்காந்தா. வாத்தியார் போயி மூக்குல இருக்கற காத்தாடியைச் சுத்திவிட்டாரு, எளைக்காம வந்தாரு. எஞ்சின் புடிச்சுது, வண்டி குலுங்கிக்கிட்டு ஏரி மண்ணுல ஓடுச்சு, ஓடுச்சு, எனக்கு ஓட ஓட கரை கிட்ட வர்ற மாதிரியே இருந்துச்சு, அத்தனை சனமும் மூச்சை அடக்கிக்கிட்டு நின்னுச்சு, அது மட்டும் நெஞ்சு நெறைய ஒரு மூச்சை இழுத்துச்சு, இழுத்த மூச்சுல சக்கரம் மண்ணை விட்டுப் போச்சு.

ஏறுச்சுங்க. எங்க தெருவுல பொறந்தது ஏறுச்சு. பனைக்கு மேல ஏறி, கரட்டுக்கு மேல ஏறி, ஒரு வளைவு வளைஞ்சு எங்க தலைக்கு நேரா வந்துச்சு, வெள்ளி எறக்கை ரெண்டும் எழும்பித் தாழறது கீழ நிக்கற எல்லாருக்கும் தெரிஞ்சுது. பொம்பளைக கொலவை போட்டாங்க, செம்மலை துண்டைத் தூக்கி எறிஞ்சு அது முள்ளு மரத்துல மாட்டிக்கிச்சு. அர்த்தநாரி மட்டும் அண்ணாந்த தலையை எறக்கல, கன்னத்துல வழியறதைத் தொடைக்கவும் இல்லை.

நாமக்கல்காரரு ஒருத்தர் வந்து அவரு பக்கத்துல நின்னாரு. சும்மா நிக்க மாட்டாம, எகத்தாளமா, "ஏனுங்க, நல்லாத்தான் பறக்குது, ஆனா சில்வரோடயே விட்டுட்டீங்களே, ஒரு பூ இல்லை, ஒரு கோடு இல்லை. இதுக்குப் பெயிண்டர் யாருங்க?"ன்னு கேட்டாரு.

அர்த்தநாரி தலையை எறக்கி அந்த ஆளை நேராப் பாத்தாரு. நெஞ்சை நிமித்திக்கிட்டு, கரையில நின்ன அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு.

"நான்தானுங்க. அதுக்கு மேல ஒரு சொட்டும் போடாம நிறுத்துனது இந்தக் கைதானுங்க."